பண்ணைப்புரத்துப் பாவலர்: பாட்டும் படிப்பும்

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் ஒரு பாடகரைப் பற்றிப் பேசுவதா என்று பெரியோர் சிலர் நம்மை வினவினர். வினாவில் நியாயம் உண்டு. அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் படித்துத் தேறிய தலைமுறை இச்சங்கத்தைக் கட்டியது. பாட்டும் கூத்தும் பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்துவிடும் என்னும் அச்சம் அத்தலைமுறைக்கு உண்டு. நமக்கும் அவ்வச்சம் நெடுங்காலம் இருந்தது. அந்த அச்சத்தினால் நாம் செய்த பிழை ஒன்றினையும் இன்று இந்த அவையின்முன் ஒப்புக்கொள்ள இருக்கின்றோம். ஆயினும் முதலில் பாடகரைப் பற்றிப் பேசுவோம்.

பொட்டிபுரத்திலிருந்து தெற்கு நோக்கிப் போகும் சாலை தேவாரத்தைக் கடந்ததும் பண்ணைப்புரம் வந்துவிடுகிறது. மேற்கே தலைநிமிர்ந்தால் ஏலமலைத் தொடர். நாள்தோறும் விடியுமுன் நம் தாய்மார்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறுகின்ற அதே மலை. அவ்வூரில் தோன்றியவர் பாவலர் வரதராசன். இளையராஜாவின் தமையனார் என்றால் இளைஞர்கள் உடனே அறிந்துகொள்வர். ஆனால் அண்ணனைத் தம்பியின் பெயரால் அடையாளம் காட்ட வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதே இன்றைய பேச்சின் உட்பொருள்.

பாவலர் திரைப்படத்திற்கென்று பாடியவர் அல்லர். வானொலி நிலையத்தின் வாயிலில் வாய்ப்புக்காகக் காத்துக்கிடந்தவரும் அல்லர். தாமே பாட்டைக் கட்டினார். தாமே மெட்டைத் தேர்ந்தார். தாமே ஆர்மோனியப் பெட்டியை முன்வைத்து மக்கள் நடுவே நின்று பாடினார். எழுதுவோன், இசைப்போன், பாடுவோன் என்னும் மூவரும் ஒருவராகவே இருக்கும் கலைஞரை இன்று தனித்தியங்கும் பாடலாசிரியப் பாடகர் என்கின்றனர். அச்சொல் புதிது, ஆள் பழையவர். நம் ஊர்களில் அத்தகையோர் என்றும் இருந்தனர். அவர்களுள் தலைசிறந்தவர்களில் ஒருவர் பாவலர்.

அவருடைய இசை எங்கிருந்து வந்தது? ஒரு கலைஞனின் ஊற்றுக்கண்களைத் தேடும்போது நூல்களை மட்டும் புரட்டினால் போதாது. அவன் பிறந்த தெருவில் காதை வைத்துக் கேட்கவேண்டும். இப்பகுதியில் பிறந்த குழந்தையின் செவியில் முதலில் விழுவது தாலாட்டு. சாவு வீட்டில் ஒப்பாரி. வயலில் நடவுப் பாட்டும் களையெடுப்புப் பாட்டும். பாரம் ஏற்றிய வண்டி இரவில் போகும்போது தெம்மாங்கு. இவை அனைத்தும் எழுத்தறியாத பெண்களும் ஆண்களும் வழிவழியாகக் காத்த செல்வம். பாவலரின் இல்லத்தில் இச்செல்வம் குறைவின்றி இருந்தது. அன்னை சின்னத்தாயம்மாள் பாடிய நாட்டுப்புறப் பாடல்களே தம் இசைக்கு முதல் ஆசான் என்று அவர்தம் மைந்தர்கள் பிற்காலத்தில் மேடைதோறும் கூறியுள்ளனர்.

இரண்டாவது ஊற்று நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த நாடகப் பாட்டு முறை மதுரைச் சீமையின் ஊர்தோறும் திருவிழாக் காலங்களில் விடியவிடிய ஒலித்தது. அதே மேடையைக் கொண்டு விடுதலைக் கனலை மூட்டியவர் விசுவநாததாஸ் (1886–1940). மருத்துவர் குலத்தில் பிறந்த அவர் முருகன் வேடம் புனைந்து தேசியப் பாடல்களைப் பாடினார். பன்முறை சிறை சென்றார். இறுதியில் மேடையிலேயே உயிர் துறந்தார். அரசாணைக்கு அஞ்சாத பாடகன் என்னும் மரபு பாவலருக்கு முன்னரே இம்மண்ணில் வேரூன்றியிருந்தது என்பதற்கு அப்பெருமகனின் வாழ்வே சான்று.

மூன்றாவது, அந்த ஆர்மோனியப் பெட்டி. ஐரோப்பியர் கொண்டுவந்த அக்கருவி மாதா கோயிலிலும் நாடகக் கொட்டகையிலும் புகுந்து ஏழையின் இசைக்கருவியாயிற்று. ஒரே ஆள் தூக்கிச் செல்லலாம். சுருதிக்கு வேறு துணை வேண்டா. நம் மரபிசைக்கு ஒவ்வாதது என்று கூறி அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் அதனை விலக்கியது. அத்தடை தளர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வானொலி வெளியே நிறுத்திய அந்தப் பெட்டிதான் அதே ஆண்டுகளில் நம் சந்துபொந்துகளிலும் தோட்டத்து லயங்களிலும் ஒலித்துக்கொண்டிருந்தது. உயர்ந்த இடத்துக் கதவு அடைபட்டால் கலை அழிந்துபோவதில்லை என்பதனை மாணவர்கள் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

நான்காவது ஊற்று திரைப்பாட்டு. இதனைச் சொன்னால் சிலர் முகஞ்சுளிப்பர். ஆனால் பாவலர் மெட்டுக்களைத் தேர்ந்த முறையை உணராமல் அவர் கலையை உணர இயலாது. மக்கள் நாவில் ஏற்கெனவே குடியேறிவிட்ட திரை மெட்டுக்களை அவர் எடுத்துக்கொண்டார். காதல் வரிகள் இருந்த இடத்தில் கூலியையும் நிலத்தையும் விலைவாசியையும் வைத்தார்.

இம்முறையின் நுட்பத்தைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். ஒரு புதிய மெட்டைக் கேட்பவன் முதலில் மெட்டைப் பின்தொடர்கிறான். சொல் அவன் மனத்தில் பதிவது பிறகு. தெரிந்த மெட்டாயின் காது உழைக்க வேண்டியதில்லை. மனம் முழுவதும் சொல்லின்மீது நிற்கிறது. பழைய சொல் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் புதிய சொல் வந்து விழும்போது கூட்டம் சிரிக்கிறது. சிரித்த கூட்டம் சிந்திக்கிறது. இரண்டாம் முறை பல்லவி வரும்போது கூட்டமே சேர்ந்து பாடுகிறது. மறுநாள் களையெடுக்கும் பெண்கள் அதனை வயலிலே பாடுகின்றனர். அச்சுக்கூடமும் தாளும் மையும் இல்லாமல் ஒரு துண்டறிக்கை ஊர் ஊராகப் பரவிவிடுகிறது! எழுத்தறிவு குறைந்திருந்த அந்நாளில் இதனினும் சிறந்த பாடநூல் ஏது?

இரவல் மெட்டில் பாடுவது படைப்பாகுமா என்று வினவுவோர்க்கு ஒன்று கூறுவோம். பாரதியார் கும்மி மெட்டையும் நொண்டிச் சிந்தையும் மக்களிடமிருந்தே எடுத்துக்கொண்டார். அமெரிக்க நாட்டில் வறண்ட நிலத்து உழவர்களுக்காகவும் நாடோடிக் கூலிகளுக்காகவும் பாடிய உட்டி கத்ரி (1912–1967) பழைய பக்திப் பாடல்களின் மெட்டுக்களிலும் ஊர்ப்புற மெட்டுக்களிலும் தம் சொற்களை அமைத்துப் பாடினார். அவரை இன்று உலகமே மேதை எனப் போற்றுகிறது. பானை பழையதாயினும் பொங்கல் புதியதன்றோ!

மராட்டிய மண்ணையும் ஈண்டு நினைத்தல் தகும். தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, பள்ளிப்படிப்பு ஏறக்குறைய இன்றியே வளர்ந்து, பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காகப் பாடல் புனைந்து பாடியவர் அண்ணா பாவ் சாத்தே (1920–1969). பாவலரைப் போன்றே பொதுவுடைமை மேடையில் வளர்ந்தவர். ஆனால் அவர் பாடியதோடு நின்றாரல்லர். தாமே முயன்று எழுத்தைக் கற்றுக் கதைகளும் புதினங்களும் எழுதினார். ‘ஃபகீரா’ என்னும் புதினத்தை 1959ஆம் ஆண்டில் வெளியிட்டு, அதனை அண்ணல் அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். அவர் எழுதிவைத்தமையால் அவர் குரல் இன்றும் நூலகங்களில் இருக்கிறது. இக்கருத்திற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

பாவலர் வாழ்வின் உச்சம் தேவிகுளம். அரசுப் பணியாளராகிய நமக்குக் கட்சி அரசியல் பேசுதல் முறையன்று. இதனை வரலாறாகவே கூறுகின்றோம். 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த தேவிகுளம் பீர்மேடு வட்டாரங்கள் கேரளத்துடன் சேர்ந்தன. மறு ஆண்டு நடந்த முதற் சட்டமன்றத் தேர்தலில் 126 இடங்களில் 60 இடங்களைப் பொதுவுடைமைக் கட்சி பெற்றது; சில சுயேச்சைகளின் துணையுடன் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சரானார். தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸ் அம்மையாரின் தேர்தல் பின்னர்ச் செல்லாதென அறிவிக்கப்பட, 1958ஆம் ஆண்டில் இடைத்தேர்தல் வந்தது. மயிரிழையில் நின்ற அமைச்சரவைக்கு ஒவ்வோர் இடமும் உயிர்நிலை. நாடே அந்தத் தேயிலை மலையை உற்றுநோக்கியது.

வாக்காளரில் பெரும்பாலோர் தமிழ்க் கூலிகள். அவர்களிடம் பேசப் பேச்சாளர் பலர் மலையேறினர். பாவலர் தம் ஆர்மோனியத்துடன் ஏறினார். குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு லயத்து வாயிலில் நின்ற மக்கள் தங்கள் மொழியில், தங்கள் மெட்டில், தங்கள் வாழ்வையே கேட்டனர். அக்காலத்தில் காங்கிரசின் சின்னமாயிருந்த இரட்டைக் காளையை எள்ளி அவர் கட்டிய பாட்டு வாய்க்கு வாய் பரவியதாகக் கூறுவர். ரோசம்மா அம்மையார் மீண்டும் வென்றார். அவ்வெற்றியின் பெருமை பாவலரையே சாரும் என்று முதலமைச்சர் நம்பூதிரிபாடு அறிவித்ததாகப் பாவலரின் தம்பிமார் பலமுறை நினைவுகூர்ந்துள்ளனர்.

அந்த அமைச்சரவை 1959 சூலை 31ஆம் நாள் கலைக்கப்பட்டது. ஆட்சி போயிற்று, சின்னங்கள் மாறின. ஆனால் படிப்பறியாக் கூலிகளின் நடுவே ஓர் ஆர்மோனியப் பெட்டி என்ன செய்ய இயலும் என்பது மட்டும் நிலைபெற்றுவிட்டது.

பாவலரின் குழுவே அவர் குடும்பத்தின் பள்ளிக்கூடமுமாயிற்று. தம்பியர் பாசுகர், ராசையா, அமர்சிங் ஆகியோர் அவருடன் ஊர் ஊராகச் சென்றனர். 1943ஆம் ஆண்டில் பிறந்த ராசையா தம் பதினான்காம் அகவையில் குழுவில் சேர்ந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அண்ணனுடன் அலைந்தார். அந்தப் பத்து ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் இரவும் வேறு ஊர், வேறு கூட்டம். எந்த இடத்தில் கூட்டம் அமைதியாகிறது, எந்த இடத்தில் எழுகிறது, எந்தத் தாளத்திற்குக் கிழவியின் தலை தானே ஆடுகிறது என்பதனை எந்த இசைக் கல்லூரியும் கற்பிக்க இயலாது. அந்தக் கல்வியை அண்ணன் தம்பிக்கு அளித்தார்.

ஆனால் அந்தக் கல்வியோடு தம்பி நின்றுவிடவில்லை. 1968ஆம் ஆண்டில் சென்னை சென்ற ராசையா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையை முறையாகப் பயின்றார். மைந்தர்களைச் சென்னைக்கு அனுப்பப் பொருளில்லாமல் அன்னை சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்றுத் தந்தார் என்பது நாடறிந்த செய்தி. இசை வந்துகொண்டிருந்த பெட்டியை விற்று இசையைக் கற்க அனுப்பிய தாயைப் போற்ற நமக்குச் சொல் இல்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் ராசையா கற்றவற்றுள் முதன்மையானது ஒன்று உண்டு. ஐந்து கோடுகளின்மீது புள்ளியிட்டு இசையை எழுதும் முறை. செவியால் அறிந்ததைத் தாளில் எழுதவும், தாளில் இருப்பதைப் படித்து ஒலிக்கவும் அவர் கற்றுக்கொண்டார்.

1973ஆம் ஆண்டில் பாவலர் மறைந்தார். 1976ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’ வெளிவந்து ராசையா இளையராஜாவானார். அந்த வெற்றியை அண்ணன் காணவில்லை. தம்பியர் தம் படநிறுவனத்திற்குப் ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்று அண்ணனின் பெயரையே சூட்டினர். அமர்சிங், கங்கை அமரன் என்னும் பெயரில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் இயக்குநராகவும் விளங்கினார். 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ என்னும் சிம்பொனியை இராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இசைத்தது. பண்ணைப்புரத்தையும் சின்னத்தாயம்மாளையும் கனவிலும் கண்டறியாத கலைஞர்கள், தமிழ் ஒரு சொல்லும் அறியாதோர், தம்முன் வைக்கப்பட்ட தாள்களைப் பார்த்து அந்த இசையைப் பிழையின்றி எழுப்பினர்.

அன்பார்ந்த இளைஞர்களே! இங்குதான் நாம் கூற வந்த கருத்து இருக்கிறது. அண்ணனும் தம்பியும் ஒரே இல்லத்தவர்; ஒரே மண்ணின் இசையைப் பருகியவர். அண்ணனின் பாட்டு ஓர் அரசைக் காக்கத் துணைநின்றது என்று சொல்கிறோம். ஆயினும் அவற்றுள் பெரும்பகுதியை இன்று நீங்கள் கேட்க இயலாது. அவை பாடப்பட்ட இரவுகளோடு கரைந்தன. கேட்டவர்களுடன் சுடுகாட்டுக்குச் சென்றன. தம்பியின் இசை ஏழு கடலுக்கு அப்பாலும் மீண்டும் மீண்டும் பிறக்கிறது. இதனைத் திறமையின் ஏற்றத்தாழ்வாக மட்டும் கொள்ளலாகாது. ஒன்று எழுதப்பெற்றது, மற்றொன்று எழுதப்பெறவில்லை. அண்ணனைத் தம்பியின் பெயரால் அடையாளம் காட்ட வேண்டியிருப்பதற்குப் பெருங்காரணம் இதுவே.

எழுத்து நம்மவர்க்கு மறுக்கப்பட்டது என்று மேடைதோறும் பேசுகின்றோம். எழுத்து மறுக்கப்பட்டதனால் நிலப்பட்டா போயிற்று, வேலைவாய்ப்பு போயிற்று என்று கணக்கிடுகின்றோம். பாட்டும் போயிற்று என்பதனை யாரும் கணக்கிடுவதில்லை. நம் பாட்டிமார் ஒவ்வொருவருடைய சாவிலும் ஒரு நூல் எரிக்கப்படுகிறது.

இப்போது நம் பிழைக்கு வருகின்றோம்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், நாம் இளம் ஆசிரியராக இருந்த ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் தந்தை சாவுக்குப் பறையடிக்கப் போகும்போதெல்லாம் அவனும் போவான்; மறுநாள் பள்ளிக்கு வரமாட்டான். வந்தாலும் விரல்கள் பலகையின்மீது தாளமிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அவன் புத்தகப் பையில் பறையடிக்கும் குச்சிகளைக் கண்டோம். வகுப்பின் நடுவே அவனை எழுப்பி, உன் தலைமுறையிலும் இந்தக் குச்சிதானா என்று கடிந்து, அவன் கண்முன்னே அவற்றை ஒடித்து எறிந்தோம். நம் இனத்துப் பிள்ளை அந்த இழிவிலிருந்து மீளவேண்டும் என்ற ஆவேசத்தில் செய்த செயல் அது. அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் வரவில்லை. அதன்பின் வரவேயில்லை. வீடு தேடிச் சென்றபோது, அவன் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிவிட்டதாகக் கூறினர்.

இழிவு எதில் இருந்தது என்பதனை நாம் அன்று பிரித்தறியவில்லை. தோலிலும் குச்சியிலும் இழிவு இல்லை. கூலியின்றி, விருப்பமின்றி, ஊரார் அழைத்தால் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தில்தான் இழிவு இருந்தது. கட்டாயத்தை உடைக்க வேண்டிய நாம் குச்சியை உடைத்தோம். அன்று அச்சிறுவனிடம், உன் தந்தை அடிக்கும் அடிகள் எத்தனை வகை, அவற்றை உன் குறிப்பேட்டில் எழுதிக் காட்டு என்று கேட்டிருந்தால், அவன் எழுத்தையும் கற்றிருப்பான், நாம் நம் இசையையும் அறிந்திருப்போம். ராசையாவின் பையில் இருந்த ஏதோ ஒன்றை அவர் ஆசிரியர் ஒடித்து எறிந்திருந்தால் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் நம் நெஞ்சம் குறுகுகிறது. அந்த மாணவனின் மகள் இன்று நம் மாலைநேரப் பாடசாலையில் படிக்கிறாள். அவர் இந்தப் பந்தலிலும் இருக்கக்கூடும். இருப்பின், இவ்வவை அறிய நம் மன்னிப்பை ஏற்றருள வேண்டுகின்றோம்.

பாட்டும் படிப்பும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. முனைவர் கே.ஏ. குணசேகரன் (1955–2016) சிவகங்கைச் சீமையில் எளிய குடியில் பிறந்தவர். ‘தன்னானே’ குழுவை அமைத்து நாட்டுப்புறப் பாடல்களை மேடையேற்றினார். அதே வேளையில் ஆய்வுப்பட்டம் பெற்றுப் பேராசிரியரானார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். ‘வடு’ என்னும் தம் வரலாற்று நூலில் சாதிக் கொடுமையின் தழும்புகளை எழுதிவைத்தார். ஒரு கையில் பறை, மறு கையில் பேனா. இரண்டும் ஒரே உடலில் இருக்க இயலும் என்று காட்டிய பெருமகன் அவர்.

இளைய தலைமுறைக்கு வருவோம். 2017ஆம் ஆண்டில் சென்னையில் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழுவை அமைத்தனர். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) கையாண்ட சாதிபேதமற்ற என்னும் சொல்லாட்சியே அப்பெயரின் மூலம். அக்குழுவில் பாடி வெளிப்பட்டவர் அரக்கோணத்து இளைஞர் அறிவு. அவர் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, தாயகம் திரும்ப நேர்ந்தவர். பாட்டியின் வாழ்வும் அவர் வாய்ப்பாட்டும் 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாடலின் வழியே உலகெங்கும் சென்றன. தோட்டத்தில் குனிந்து கொழுந்து கிள்ளிய ஒரு மூதாட்டியின் பெயரைக் கோடிக்கணக்கானோர் கேட்டனர். ஏலமலைக்குக் காய் பறிக்கப் போகும் நம் தாய்மார்களுக்கு இதனினும் நெருங்கிய செய்தி ஏது?

ஆயின் அதே பாடல் வேறொரு பாடத்தையும் தந்தது. அப்பாடலில் யாருடைய பங்கு எவ்வளவு, யார் பெயர் எங்கே இடம்பெற்றது என்னும் சர்ச்சை பொதுவெளியில் எழுந்தது. அதில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. பாடுவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நம் கருத்து. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாடலின் சொற்களுக்கும் இசைக்கும் தனித்தனியே உரிமை உண்டு. இயற்றியவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின்னர் 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நிற்கும். 2012ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், திரைப்படத்திலும் ஒலிப்பதிவிலும் இடம்பெறும் பாடல்களுக்கான உரிமைத்தொகையில் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உள்ள பங்கினைப் பிறர் பறித்துக்கொள்ள இயலாதவாறு காத்தது. 1973இல் மறைந்த பாவலரின் சொந்தச் சொற்களுக்குக்கூட 2033ஆம் ஆண்டு முடியும்வரை இவ்வுரிமை உண்டு. ஆனால் இது என் பாட்டு என்று நாட்டுவதற்கு நாளும் பெயரும் இட்ட ஓர் எழுத்து கையில் இருந்தால் அன்றோ உரிமை எளிதில் நிலைபெறும்!

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மேடைக்காரர்களுக்குப் பாடகன் தேவை; கூட்டம் சேரும்வரை தேவை. சுவரொட்டியில் பேச்சாளர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும்; பாடகன் பெயர் அடியில், அதுவும் இடம் இருந்தால். கூட்டம் முடிந்தபின் வண்டிச்செலவுக்கு நின்றுகொண்டிருப்பவனும் அவனே. ஆகலின், பிறர் மேடையில் பாடுங்கள். ஆனால் பிறர் மேடையை நம்பி வாழாதீர்கள். கையில் ஒரு தொழிலும் ஒரு பட்டமும் இருப்பவன்தான் தன் பாட்டைப் பிறர் விருப்பத்திற்கு வளைக்காமல் பாட இயலும்.

மற்றொன்று. பாவலரையோ அவர் தம்பியையோ நாம் நினைக்கும்போது, நம்மவர் என்று மார்தட்டுவதோடு நின்றுவிடலாகாது. எந்தக் கலைஞனையும் சாதிச் சிமிழுக்குள் அடைக்க எவருக்கும் உரிமையில்லை. ஊரார் நம்மை அடைத்த சிமிழுக்குள் நாமே ஒருவரை அடைப்பது அறமாகாது. பெருமை கொள்வோம், உரிமை கொண்டாட வேண்டா. அவர்கள் சென்ற வழியை அறிந்து நடப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் சிறப்பு.

நிறைவாக, வெள்ளிவிழா நினைவாக மூன்று பணிகளை இச்சங்கத்தின்முன் வைக்கின்றோம்.

முதலாவது, நம் தெருக்களில் உள்ள மூதாட்டியரின் பாடல்களைத் தொகுத்தல். உங்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அலைபேசி இருக்கிறது. வாரத்திற்கு ஒரு பாட்டியிடம் அமர்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், அகவை, எந்த வேலையின்போது பாடியது, யாரிடம் கற்றது, பதிவு செய்த நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பாடியவரின் இசைவு பெறாமல் எதனையும் வெளியிடாதீர்கள். பாவலரின் பாட்டைக் கேட்ட முதியோர் எவரேனும் இப்பகுதியில் இருப்பின் முதலில் அவர்களிடம் செல்லுங்கள். அவர்களுக்கு நேரம் குறைவு.

இரண்டாவது, மாலைநேரப் பாடசாலையில் வாரத்திற்கு ஒரு நாள் இசை வகுப்பு. பறையும் ஆர்மோனியமும் கற்பிக்கப்படட்டும். அவற்றோடு இசையை எழுதவும் படிக்கவும் கற்பிக்கப்படட்டும். பெண் பிள்ளைகளுக்கும் அதில் சம இடம் வேண்டும். பறை கற்பவன் எவன் அழைப்புக்கும் கட்டாயமாகப் போகமாட்டான் என்பது அவ்வகுப்பின் முதல் விதியாக இருக்கட்டும்.

மூன்றாவது, பாட்டுக் கட்டும் ஆர்வமுடைய மாணவர்க்குப் படிப்பு முடியும்வரை உதவித்தொகை. அதன் முதல் தொகையாக எமது ஒரு மாத ஊதியத்தை இன்று சங்கத்தின் பொருளாளரிடம் ஒப்படைக்கின்றோம். ஒடித்த குச்சிகளுக்கு ஈடாகாது என்பதனை அறிவோம். எனினும் கடனின் முதல் தவணையாக ஏற்க வேண்டுகின்றோம்.

1942ஆம் ஆண்டில் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் விடுத்த அறைகூவல் கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர் என்பது. பாட்டு ஒன்றுசேர்க்கும், பாட்டு கிளர்ந்தெழச் செய்யும். இவ்விரண்டும் பாவலரிடம் குறைவின்றி இருந்தன. அவற்றுக்கு முன்னே நிற்கும் கற்பி என்னும் சொல்லை நிறைவேற்றவே இச்சங்கம் பிறந்தது. மூன்றும் ஒருசேர அமையும் நாளில் இம்மலையடிவாரத்திலிருந்து எழும் பாட்டு காற்றோடு கலந்து போகாது. ஏட்டிலும் நாட்டிலும் நிலைத்து நிற்கும்.

 வாழ்க பாவலர் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!